ஏழையின் பங்கு: கத்தோலிக்க வாழ்வில் தர்மம்

திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசுவதற்கு முன் வாசிக்கப்படுவது மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரம். அதில் இயேசு மூன்று காரியங்களைப் பற்றிப் பேசுகிறார்: தர்மம், செபம், நோன்பு. தர்மம்தான் முதலில் வருகிறது. நாம் தவக்காலத்தை நடத்தும் விதத்தில் அது கடைசிக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப் பாதைக்குக் கோவில் நிறைகிறது. ஒருசந்தியும் சுத்தபோசனமும் இன்னும் பல வீடுகளில் பேணப்படுகின்றன. நாற்பது நாளும் இறைச்சி தொடாத பாட்டிமார் எல்லாப் பங்கிலும் உண்டு. தர்மத்துக்கோ, முதல் வாரத்தில் கையில் தந்து கடைசி வாரத்தில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒரு தவக்கால உறை மட்டும். அதில் போட்ட பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

கத்தோலிக்க மரபு தர்மத்தைப் பற்றி ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சிந்தித்தும் சச்சரவிட்டும் வந்திருக்கிறது. அந்த வரலாற்றைத் தொடக்கத்திலிருந்து படித்து வரும்போது எனக்கு இரண்டு உண்மைகள் உறுதிப்பட்டன. மிஞ்சியதில் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கும் நல்ல மனம் என்று அந்த மரபு தர்மத்தைக் குறைத்துப் பார்த்ததே இல்லை. ஏழைக்குத் தீர்க்கவேண்டிய கடன் என்றும் கடவுளைச் சந்திக்கும் இடம் என்றும் பார்த்தது. அடுத்தது, கோவிலுக்குக் கொடுப்பதையும் ஏழைக்குக் கொடுப்பதையும் அது வேறு வேறாகவே வைத்தது. நம் பங்குகளில் இந்த இரண்டாவது தெளிவு மங்கிவிட்டது என்பதே என் கவலை.

பழைய ஏற்பாட்டின் சட்டம் வயல் ஓரத்திலிருந்து தொடங்குகிறது. அறுவடையின்போது வரப்போரக் கதிர்களை விட்டுவிட வேண்டும், சிந்தியதைப் பொறுக்கக் கூடாது, அவை ஏழைக்கும் அந்நியருக்கும் உரியவை என்கிறது லேவியர் நூல். போவாசின் வயலில் ரூத்து கதிர் பொறுக்கியது இந்தச் சட்டத்தின்படிதான். மூன்றாம் ஆண்டின் பத்தில் ஒரு பங்கு லேவியருக்கும் அந்நியருக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் என்கிறது இணைச்சட்டம். இங்கே நிலத்துக்காரன் தயவு காட்டவில்லை. விளைச்சலில் ஒரு பகுதி முதலிலிருந்தே அவனுடையது அல்ல.

பிந்திய காலத்து நூல்களில் இந்தச் சிந்தனை இன்னும் ஆழமாகிறது. தோபித்து நினிவேயில் நாடு கடத்தப்பட்டு வாழும் மனிதர். பசித்தவருக்குச் சோறும், ஆடையற்றவருக்குத் துணியும் கொடுக்கிறார். கொன்று எறியப்பட்ட தம் இனத்தாரின் பிணங்களை எடுத்துப் புதைக்கிறார். அந்த நற்செயலைச் செய்த இரவில்தான் அவருக்குக் கண்பார்வை போகிறது. தர்மம் செய்தவனுக்கு உடனே நன்மை நடக்கும் என்று அந்நூல் சொல்வதில்லை. அதன் பிறகுதான் மகன் தோபியாவை அருகில் அழைத்து, ஏழையைக் கண்டு முகத்தைத் திருப்பாதே, உன்னிடம் குறைவாக இருந்தால் குறைவாகக் கொடு, கொடுக்கத் தயங்காதே என்று புத்தி சொல்கிறார். தர்மம் சாவிலிருந்து காக்கும் என்றும் பாவத்தைப் போக்கும் என்றும் அந்நூல் துணிந்து சொல்கிறது. நீர் நெருப்பை அணைப்பதுபோல் தர்மம் பாவத்தை அணைக்கும் என்ற கருத்து சீராக்கின் ஞானத்தில் வருகிறது. பாபிலோன் மன்னனுக்குத் தானியேல் சொன்ன ஆலோசனையும் அதுவே: ஒடுக்கப்பட்டோருக்கு இரங்கி உன் குற்றங்களைத் தீர்த்துக்கொள்.

தோபித்தும் சீராக்கும் கத்தோலிக்க விவிலியத்தில் இருக்கின்றன. பிராட்டஸ்டன்ட் சபையார் அவற்றைத் திருமறை நூல்களாக ஏற்பதில்லை. தர்மம் பாவத்தைத் தீர்க்குமா என்ற பிற்காலச் சண்டையின் வேர்களில் ஒன்று இங்கே இருக்கிறது. சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் தோபித்தின் அரமேய, எபிரேயப் பிரதித் துண்டுகள் கிடைத்திருக்கின்றன. இயேசுவின் காலத்துக்கு முன்பே யூதர் நடுவில் அந்நூல் படிக்கப்பட்டு வந்தது என்பதற்கு அவை சான்று.

புதிய ஏற்பாட்டில் எதை எடுப்பது, எதை விடுவது! எருசலேம் ஆலய உண்டியலில் இரண்டு காசு போட்ட கைம்பெண், உடைமையில் பாதியை ஏழைக்குக் கொடுக்க முன்வந்த சக்கேயு, பசித்தவனுக்குச் செய்தது எனக்கே செய்தது என்று தீர்ப்பு நாளில் அரசர் சொல்லும் மத்தேயு 25. இந்தக் கடைசிப் பகுதிதான் தர்மத்தைப் பற்றிய கத்தோலிக்கச் சிந்தனைக்கு அடித்தளம். அங்கே நீதிமான்களுக்குத் தாங்கள் கிறிஸ்துவுக்குச் சோறு போட்டது தெரியவே இல்லை. பசித்த ஒருவனைப் பார்த்தார்கள், சோறு போட்டார்கள், அவ்வளவே. புண்ணியக் கணக்கு வைத்துக்கொண்டு கொடுக்கும் பழக்கத்துக்கு அந்தப் பகுதியில் இடமே இல்லை.

தொடக்கத் திருச்சபையில் திருத்தொண்டர் என்ற பணியே ஏழைகளின் பந்தியிலிருந்து பிறந்ததாக மரபு கருதுகிறது. அன்றாடப் பகிர்வில் சில கைம்பெண்கள் விடுபட்டுப்போனதால் எருசலேமில் எழுவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள் என்று திருத்தூதர் பணிகள் சொல்கிறது. எருசலேம் ஏழைகளுக்காகப் பவுல் தாம் நிறுவிய சபைகளில் ஆண்டுக்கணக்கில் நிதி திரட்டினார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தில் இரண்டு முழு அதிகாரங்கள் அதற்கே போயிருக்கின்றன. அதே கொரிந்தில் வசதியுள்ளவர்கள் முன்னதாக உண்டு நிறைய, ஏழைகள் பசியோடு இருந்ததைக் கேட்டபோது, நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று அவர் கண்டித்தார். பலிபீடமும் பந்தியும் தொடக்கத்திலேயே இப்படிப் பிணைந்துவிட்டன.

155ஆம் ஆண்டையொட்டி உரோமையில் எழுதிய யுஸ்தின், ஞாயிறு வழிபாட்டை வர்ணிக்கும்போது காணிக்கை எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறார். தலைவரிடம் ஒப்படைக்கப்படும் பணம் அனாதைகள், கைம்பெண்கள், நோயாளிகள், சிறைப்பட்டோர், ஊருக்கு வந்த அந்நியர் ஆகியோருக்குப் போகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, 251இல், திருத்தந்தை கொர்னேலியு அந்தியோக்கியாவுக்கு எழுதிய கடிதம் ஒரு கணக்கைத் தருகிறது: உரோமைச் சபையில் குருக்கள் 46 பேர், திருத்தொண்டர்கள் 7 பேர், சபையின் உதவியில் வாழும் கைம்பெண்களும் வறியோரும் 1500க்கு மேல். அரசின் அங்கீகாரம் இல்லாத, எந்த நேரமும் துன்புறுத்தல் வரக்கூடிய ஒரு சபையின் கணக்கு அது. ஏழு ஆண்டுகளில் வலேரியன் மன்னனின் துன்புறுத்தல் வந்தது. சபையின் செல்வத்தைக் கொண்டுவா என்று ஆணையிடப்பட்டபோது திருத்தொண்டர் லாரன்ஸ் ஏழைகளைக் கூட்டிவந்து நிறுத்தினார் என்று மரபு சொல்கிறது. 1500 பேரைச் சோறிட்டுக் காத்த ஒரு சபையின் திருத்தொண்டருக்கு அந்தப் பதில் இயல்பாக வந்திருக்கும்.

நோன்பும் தர்மமும் எப்படி ஒன்றாயின என்பதை இரண்டாம் நூற்றாண்டு உரோமை நூலான ஹெர்மாசின் 'ஆயர்' மிக எளிமையாக விளக்குகிறது. நோன்பிருக்கும் நாளில் நீ உண்ணாமல் விட்ட உணவுக்கு என்ன செலவாகியிருக்கும் என்று கணக்கிடு. அந்தத் தொகையை ஒரு கைம்பெண்ணுக்கோ அனாதைக்கோ கொடு. திருத்தந்தை பெரிய லியோவின் மறையுரைகளிலும் இதே அழுத்தம் உண்டு. உண்ணாமல் மிச்சம் பிடித்த பணம் பெட்டியில் தங்கிவிட்டால் அந்த நோன்பு ஏழைக்கு எதையும் தரவில்லை. நம் ஒருசந்தி வழக்கத்தில் இந்த இரண்டாம் பாதி எப்படியோ உதிர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை இறைச்சி வாங்காத வீட்டில் அந்தப் பணம் ஞாயிற்றுக்கிழமை கூடுதல் இறைச்சியாகிவிடுகிறது.

நான்காம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிதான் இந்த வரலாற்றின் சிகரம் என்பேன். கப்பதோக்கியாவில் 368ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொடிய பஞ்சம் வந்தது. செசரியாவின் பசிலியார் தானியக் கிடங்குகளைப் பூட்டிவைத்திருந்த செல்வரை எதிர்த்துப் பேசினார். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் திட்டமிட்ட லூக்கா நற்செய்தியின் அறிவற்ற செல்வனை அவர்கள் முன் நிறுத்தினார். நீ பூட்டிவைத்திருக்கும் ரொட்டி பசித்தவனுடையது, பெட்டியிலிருக்கும் மேலாடை ஆடையற்றவனுடையது என்பது அவர் வாதம். பின்னர் நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் தொழுநோயாளிகளுக்கும் அவர் எழுப்பிய இல்லங்களை, நண்பர் நசியான்சு கிரகோரியார் ஒரு புதிய நகரம் என்றே வர்ணித்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 362இல், கிறிஸ்தவத்தைக் கைவிட்ட பேரரசன் ஜூலியன், கிறிஸ்தவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் தாங்குகிறார்களே என்று தன் தலைமைப் பூசாரி ஒருவருக்கு எழுதி வருந்தியிருந்தான். பகைவனின் வாயிலிருந்து வந்த அந்தச் சாட்சியத்துக்கு நிகரானது வேறு இல்லை.

அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தோம் இன்னும் கூர்மையாகப் பேசினார். பெரிய செல்வந்தர் ஒருவரின் வருமானம்கூட இல்லாத தம் சபை, நாள்தோறும் 3000 கைம்பெண்களையும் கன்னியரையும் தாங்குகிறது, அதற்கு மேல் சிறைப்பட்டோரையும் நோயாளிகளையும் கவனிக்கிறது. செல்வந்தர் பத்துப் பேர் இப்படிச் செய்ய மனம் வைத்தால் நகரில் ஏழையே இருக்க மாட்டார் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கோவிலுக்குள் கிறிஸ்துவின் உடலைப் பட்டால் போர்த்திவிட்டு, வெளியே அதே கிறிஸ்துவைக் குளிரில் நடுங்க விடுவதா என்பது அவர் கேள்வி. பொன் கிண்ணம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. முதலில் பசித்தவனை நிரப்பு, பிறகு மிஞ்சியதில் பீடத்தை அலங்கரி என்கிறார். தெருவில் கிடக்கும் ஏழைதான் இரக்கத்தின் பலிபீடம், அதில் நீ எந்நேரமும் பலி கொடுக்கலாம் என்பதும் அவர் போதனை. மிலானில் அம்புரோஸ் இதைச் செயலிலேயே காட்டினார்: போரில் பிடிபட்டோரை மீட்கப் பணம் தேவைப்பட்டபோது திருப்பாத்திரங்களை உடைத்து உருக்கினார், குறை சொன்னவர்களுக்கு எழுத்தில் பதிலும் கொடுத்தார்.

ஏழைக்குக் கொடுக்கும்போது நம்முடையதைக் கொடுக்கவில்லை, அவனுடையதைத் திருப்பித் தருகிறோம். இது இரக்கத்தைவிட நீதியின் கடன் என்பது திருத்தந்தை பெரிய கிரகோரியாரின் கருத்து. உதவி பெறுவோரின் பெயர் விவரங்களைக் கொண்ட பெரிய பதிவேடு ஒன்று இவர் காலத்தில் இருந்ததாக, 9ஆம் நூற்றாண்டில் இவர் வரலாற்றை எழுதிய யோவான் என்ற திருத்தொண்டர் சொல்கிறார். நகரின் ஒரு மூலையில் ஏழை ஒருவன் இறந்து கிடந்தது தெரியவந்தபோது, தாமே கொன்றதுபோல் வருந்திச் சில நாள் திருப்பலி நிறைவேற்றாமல் இருந்தார் என்றும் அதே நூல் சொல்கிறது. பசியால் சாகிறவனுக்குச் சோறு போடாதவன் அவனைக் கொன்றவன் என்ற திருச்சபைத் தந்தையரின் கருத்தை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் திரும்ப எடுத்துச் சொன்னது. ஆறாம் நூற்றாண்டின் ஒரு திருத்தந்தை அதை அப்படியே நம்பி நடந்ததாகத்தான் மரபு நினைவு வைத்திருக்கிறது.

இடைக்காலம் இந்தச் சிந்தனையை ஒழுங்குபடுத்தியது. பசித்தோருக்கு உணவு முதல் இறந்தோருக்கு அடக்கம் வரை உடல் சார்ந்த இரக்கச் செயல்கள் ஏழு; அறியாதவருக்குக் கற்பித்தல், துயருற்றோரைத் தேற்றுதல், குற்றத்தை மன்னித்தல் போன்ற ஆன்ம இரக்கச் செயல்கள் ஏழு. பணமில்லாதவரும் தர்மம் செய்யலாம் என்பதற்கு இரண்டாவது வரிசை சான்று. தாமஸ் அக்குவினாஸ் தர்மத்தை இரக்கத்தின் வழியாக வெளிப்படும் அன்பின் செயல் என்று வரையறுத்தார். தேவைக்கு மிஞ்சியதிலிருந்து கொடுப்பது கட்டாயக் கடமை. உயிர் போகும் நெருக்கடியில் இருப்பவன் பிறன் உடைமையிலிருந்து எடுத்துக்கொண்டால் அது திருட்டே ஆகாது, அந்த நிலையில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்றார். சொத்துரிமையை ஏற்றுக்கொண்ட ஒருவர் சொன்னது இது.

இவ்வளவு உயர்ந்த போதனைக்கு நடுவில் ஒரு பெரிய சீரழிவும் நேர்ந்தது. கொடுப்பது பாவத்தைத் தீர்க்கும் என்ற நம்பிக்கை, பணத்தால் மன்னிப்பை வாங்கலாம் என்ற வியாபாரமாகத் திரிந்தது. உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்காக ஜெர்மானிய நாடுகளில் பாவத் தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் விற்கப்பட்டன. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுந்தார். ஏழைக்குப் போகவேண்டிய தர்மம் கட்டடத்துக்குத் திரும்பியதும் அந்தச் சீரழிவின் ஒரு பகுதி என்பதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். திருந்தெந்து சங்கம் 1562இல் இந்தச் சீட்டுகளுக்குப் பணம் திரட்டிய தர்ம வசூல்காரர்களின் பதவியையே ஒழித்தது.

வியாபாரத்தை ஒதுக்கிவிட்டாலும் கேள்வி நிற்கிறது: தர்மம் பாவத்தைத் தீர்க்கும் என்று தோபித்து சொல்வதை எப்படிப் புரிந்துகொள்வது? அமெரிக்க விவிலிய அறிஞர் கேரி ஆண்டர்சன் 2009இலும் 2013இலும் வெளியிட்ட இரண்டு நூல்கள் இங்கே எனக்கு மிகவும் உதவின. பாவத்தைச் சுமையாகப் பார்த்த பழைய இஸ்ரயேல், பிந்திய காலத்தில் அதைக் கடனாகப் பார்க்கத் தொடங்கியது. ஏழைக்குக் கொடுப்பது கடவுளுக்கே கடன் கொடுப்பதாயிற்று என்கிறார் அவர். கடவுள் கடனைத் திருப்பித் தரக்கூடியவர் என்று நம்புகிறவன்தான் ஏழையின் கையில் பணத்தைப் போடுவான். ஆக, தர்மம் ஒரு விசுவாசச் செயல். செபத்துக்கும் நோன்புக்கும் அருகில் அது வைக்கப்பட்டதற்கு இதுவே காரணம். மன்னிப்பு அருளாகத்தான் வருகிறது. இறுகிய கையைத் திறக்காதவன் அதை வாங்கிக்கொள்வதும் எளிதல்ல.

கேட்கிறவனுக்கெல்லாம் கொடுத்தால் சோம்பேறித்தனம் வளராதா என்பது மற்றொரு பழைய கேள்வி. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களை இது உலுக்கியது. ஈப்ர் நகரம் 1525இல் பிச்சையைத் தடைசெய்து உதவியைப் பொது நிதி வழியே ஒழுங்குபடுத்தியது. ப்ரூஜில் வாழ்ந்த ஸ்பானியக் கத்தோலிக்க அறிஞர் லூயிஸ் விவேஸ் 1526இல் இந்த வழியை ஆதரித்து நூல் எழுதினார். ஸ்பெயினில் 1540இன் சட்டத்தைத் தொடர்ந்து சில நகரங்கள் பிச்சைக்காரர்களைக் கட்டுப்படுத்தியபோது, 1545இல் சலமாங்காவில் இரண்டு துறவியர் எதிரெதிரே நூல்கள் வெளியிட்டனர். பெனடிக்ட் சபையின் ஹுவான் தெ ரோப்லெஸ் ஒழுங்கமைந்த உதவியை ஆதரித்தார். தோமினிக் சபையின் தொமிங்கோ தெ சோத்தோ, ஏழைக்கு எஞ்சியிருக்கும் கடைசி உரிமையான கேட்கும் உரிமையையும் பறிக்காதீர்கள் என்றார். செல்வனின் குற்றங்களை ஆராயாத நாம் ஏழையின் தகுதியை மட்டும் இத்தனை கடுமையாக ஆராய்வது ஏன் என்று அவர் கேட்டார். போலிகள் சிலர் பிழைத்துப்போகட்டும், உண்மையான ஏழை ஒருவனும் விடுபடக் கூடாது என்பது அவர் நிலை. ஏழையைக் கண்ணிலிருந்து அகற்றினால் செல்வரின் இரக்கமும் வற்றிவிடும் என்றும் அஞ்சினார்.

ரோப்லெஸ் சொன்னதில் நியாயம் உண்டு. முறையான உதவி இல்லாமல் ஏழை கதவு கதவாக அலைவது அவமானம்தான். ஆனாலும் நான் சோத்தோவின் பக்கம். தகுதியைச் சோதித்துக் கொடுக்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. கொடுத்தால் குடித்துவிடுவான் என்ற ஒரு சொல்லோடு நம் கடமை முடிந்துவிடுகிறது. 2017இல் மிலான் நகரில் வீடற்றோர் விற்கும் இதழ் ஒன்றுக்குத் தந்த பேட்டியில் திருத்தந்தை பிரான்சிஸ் இதே சாக்குக்குப் பதில் சொன்னார்: அந்த ஒரு கிண்ணம் மதுதான் அவனுக்கு வாழ்வில் உள்ள ஒரே மகிழ்ச்சி என்றால் இருக்கட்டும், காசை எறியாதே, கண்ணைப் பார், கையைத் தொடு.

ஒழுங்கும் நேர் சந்திப்பும் ஒன்றையொன்று அழிக்கவேண்டியதில்லை என்று காட்டியவர் வின்சென்ட் தே பவுல். 1617 ஆகஸ்டில் பிரான்சின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில் அவர் பங்குத்தந்தை. ஞாயிறு திருப்பலிக்கு ஆயத்தமாகும் நேரத்தில், ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அத்தனை பேரும் நோயில் கிடக்கிறார்கள், பார்க்க ஆளில்லை என்று செய்தி வந்தது. மறையுரையில் அதைச் சொன்னார். பிற்பகல் அவர் அந்த வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் உணவு சுமந்து போவோரும் திரும்புவோருமாகப் பெண்கள் கூட்டம். மனம் நிறைந்திருக்கலாம். அவர் வேறொன்றைக் கண்டார்: இன்று குவிந்திருக்கும் உணவு கெட்டுப்போகும், நாளை அந்த வீடு மறுபடி பட்டினி கிடக்கும். இரக்கத்துக்குக் குறைவில்லை, முறைதான் இல்லை.

சில நாட்களிலேயே அவ்வூர்ப் பெண்களைச் சேர்த்து அன்புச் சபையைத் தொடங்கினார். அதற்கு அவர் எழுதிய விதிகளைப் படித்தால் வியப்பாக இருக்கும். நோயாளியின் முன் மேசையைப் போட்டுத் துணி விரிக்க வேண்டும், இறைச்சியை வெட்டிக் கொடுக்க வேண்டும், மகிழ்முகத்தோடு பேசி உண்ணச் செய்ய வேண்டும். துணைக்கு ஆள் இருக்கும் நோயாளியிடம் முதலில் போய், யாருமற்ற நோயாளியிடம் கடைசியாகப் போக வேண்டும். அப்போதுதான் அங்கே அதிக நேரம் உட்கார முடியும். தர்மத்தின் இறையியலை எத்தனையோ பேர் எழுதியிருக்கிறார்கள், இந்த விதிக்கு ஈடானதை நான் படித்ததில்லை. 1633இல் லூயிஸ் தெ மரியாக்கோடு சேர்ந்து அவர் தொடங்கிய அன்பின் புதல்வியர் சபை இந்த வேரிலிருந்து வளர்ந்தது. சரியாக 200 ஆண்டு கழித்து, 1833 ஏப்ரல் 23இல், பாரிசில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் அவர் பெயரில் ஒரு சபை தொடங்கினர். உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று விவாதத்தில் எதிரணியினர் கேட்ட கேள்விக்கு அவர்களின் பதில் ஏழையின் வீட்டுக்குப் போவது. இன்று தமிழ்நாட்டுப் பங்குகளிலும் வின்சென்ட் தே பவுல் சபையார் கூடுகிறார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி பை சுற்றி வருகிறது. அரிசியும் மருந்துச் செலவும் வீடு தேடிப் போகின்றன. பங்கில் மிகக் குறைவாகப் பேசப்படும் சபையும் அதுவாகவே இருக்கும்.

தர்மம் அநீதியை மூடிமறைக்கிறது, ஏழைக்கு வேண்டியது நீதி என்ற எதிர்ப்பு மிக வலுவானது. 2005இல் கையொப்பமிட்ட தம் முதல் சுற்றுமடலில் பதினாறாம் பெனடிக்ட் இதில் உண்மை உண்டு என்று ஒப்புக்கொண்டே பதில் சொன்னார்: நீதியான சமூகத்திலும் துயரமும் தனிமையும் இருக்கும், அன்பின் பணி தேவைப்படாத நாள் வராது. அகுஸ்தினாருக்கும் இது தெரிந்தே இருந்தது. பசித்தவனுக்குச் சோறு போடுவது நல்லது, பசிப்பவனே இல்லாமலிருப்பது அதைவிட நல்லது என்றும், கொடுப்பவன் பெறுபவனுக்கு மேலே நிற்க ஆசைப்படும் ஆபத்து உண்டு என்றும் அவர் எச்சரித்தார். கூலியைக் குறைத்துப் பிடித்துவிட்டுக் கிறிஸ்துமசுக்கு வேட்டி சேலை கொடுப்பது தர்மம் ஆகாது. அது பாக்கி.

நம் ஊர் நிலைக்கு வருகிறேன். தமிழருக்கு ஈகை புதிதல்ல. திருக்குறளில் அதற்குத் தனி அதிகாரமே உண்டு. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 1730இல் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் என்ற இயேசு சபைத் துறவி வழியாக அந்த அதிகாரம் கத்தோலிக்க உலகின் மொழிக்கும் போனது. நம் கோவில்களில் நல்ல வழக்கங்கள் பல உண்டு. அந்தோனியார் கோவில் அசனம், புனித வெள்ளிக் கஞ்சி, நேர்ச்சைச் சோறு எல்லாமே பகிர்வின் வடிவங்கள். அசனப் பந்தியில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து உண்பது சிறிய காரியமல்ல. வடக்கன்குளம் கோவிலில் சாதிக்கொரு பக்கமாகப் பிரித்த சுவர் 1910 வரை நின்ற நாடு இது. எட்ட நின்று கொடுத்துவிட்டு, கூட உட்கார மறுப்பதைப் பவுல் தர்மம் என்று ஒப்பமாட்டார்.

அதே வேளை, பெயர்ந்துபோன வழக்கங்களும் உண்டு. அந்தோனியார் ரொட்டி பிரான்சின் தூலோன் நகரில் 1890ஐ ஒட்டிப் பரவியது. வேண்டுதல் நிறைவேறினால் ஏழைகளுக்கு ரொட்டி கொடுப்பேன் என்று ஒரு கடைக்காரப் பெண் நேர்ந்துகொண்டதிலிருந்து அது தொடங்கியது. நம்மிடம் பல கோவில்களில் செவ்வாய்க்கிழமை ரொட்டி பக்தர்கள் தங்களுக்குள் பகிர்ந்து உண்பதோடு நின்றுவிடுகிறது. உண்டியல் பணம் கோபுரத்துக்கும் சலவைக்கல்லுக்கும் போகிறது. கொடுத்தவர் பெயர் கல்வெட்டில், மின்விசிறி இறக்கையில்கூட. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக் கூடாது என்ற போதனையைத் திருநீற்றுப் புதனன்று வாசிப்பவர்கள் நாம்தான். கோவில் கட்டுவதைப் பழிப்பது என் நோக்கமல்ல. குமரிக் கடலோரத்தில் மீன்பாட்டில் ஒரு பங்கைத் தெறிப்பு என்று எடுத்துவைத்துக் கோவில் எழுப்பியவர்கள் ஏழை மீனவர்கள். அந்தக் கோவில்களின் ஒவ்வொரு கல்லிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. அந்த மீனவன் படகு இழந்தால், அவன் மனைவி கைம்பெண்ணானால், அதே கோவில் நிதியில் அவர்களுக்கு எவ்வளவு என்பதே என் கேள்வி.

உரோமையில் திருத்தந்தையின் தர்மப் பணிக்கென்றே பழைய அலுவலகம் ஒன்று உண்டு. 2022இல் பிரான்சிஸ் அதைத் தனித் துறையாக உயர்த்தினார். அதன் பொறுப்பாளராக இருந்த கர்தினால் கொன்ராத் கிரயேவ்ஸ்கி 2019 மே மாதம், மின்சாரம் துண்டிக்கப்பட்டுக் குழந்தைகளோடு நூற்றுக்கணக்கானோர் இருட்டில் கிடந்த கட்டடத்துக்குத் தாமே பாதாளக் குழிக்குள் இறங்கி இணைப்பைத் திரும்பக் கொடுத்தார். சட்டம் பேசியவர்கள் அவரைக் குறை கூறினார்கள். திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 அக்டோபரில் வெளியிட்ட 'திலெக்ஸி தே' என்ற ஊக்கவுரை முழுவதும் ஏழைகளின் மீதான அன்பைப் பற்றியது. அதன் இறுதிப் பகுதி தர்மத்தை மீண்டும் கையிலெடுக்கச் சொல்கிறது. இன்று தர்மத்துக்கு நல்ல பெயர் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே அப்படிச் சொல்கிறார்.

1983இன் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் 222ஆம் சட்டத்துக்கு இரண்டு பிரிவுகள். திருச்சபையின் தேவைகளுக்கு உதவுவது முதல் பிரிவு. சமூக நீதியை வளர்ப்பதும், தம் சொந்த வருவாயிலிருந்து ஏழைகளுக்கு உதவுவதும் இரண்டாம் பிரிவு. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தீர்ந்துவிடும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிட வேண்டும் என்கிறது 1267ஆம் சட்டம். மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287ஆம் சட்டம். உங்கள் பங்கில் ஏழைகளுக்கென்று தனி உண்டியல் இருக்கிறதா, அதில் வந்தது எவ்வளவு, போனது யாருக்கு என்று பங்குப் பேரவையின் அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஒன்று வைக்கச் சொல்லுங்கள். அதற்குக் காத்திராமல், இந்த வாரமே உங்கள் தெருவில் நோயில் கிடக்கும் ஒரு வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.